காப்பு அடுக்கைப் பற்றிய கட்டுரை கெட்டுப்போன விதம்

1

இது கதையாக எழுதத் தொடங்கியது இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் அறிவியல் மாத இதழ் என்னிடம் கட்டுரை கேட்டிருந்தது. தலைப்பையும் அவர்களே அனுப்பிவிட்டார்கள்: குறைகடத்திச் சில்லுத் தயாரிப்பில் காப்பு அடுக்குகளை மேம்படுத்துதல். எளிய தமிழ், நான்கு பக்கம், ஒரு படம்.

எனக்கு அதில் பாதி புரியவில்லை. யாரைக் கேட்கலாம் என்று விசாரித்தபோது கள்ளக்குறிச்சியிலேயே செந்தமிழ்ச்செல்வி இருப்பதாகச் சொன்னார்கள். பெங்களூரில் ஒரு சில்லுத் தொழிற்சாலையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். போனேன். அரைமணி நேரத்தில் அத்தனையையும் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் கிளம்பியிருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து அவருடைய கணவர் கண்ணாயிரம் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னார்:

"அந்த லேயரு லீக் ஆனதாலதாங்க எனக்குக் கல்யாணமே ஆச்சு."

"சும்மா இருங்க. அவங்க எழுதறவங்க" என்றார் செல்வி.

அத்தோடு கட்டுரை கெட்டது.

2

தொடக்கங்கள்.

ஒன்று: "செப்டம்பர் மேகங்கள் கல்வராயன் மலையின் தோள்களில் கை போட்டபடி" (மலைக்குத் தோள், மேகத்துக்குக் கை. வேண்டாம்.)

இரண்டு: "மணலில் இருக்கிறது மனிதகுலத்தின் நாளை. ஏனெனில் சிலிக்கான் என்பது" (இது அந்த நான்கு பக்கத்துக்காக எழுதியது. படித்துவிட்டு எனக்கே கொட்டாவி வந்தது.)

மூன்று: 1987, செப்டம்பர். நைனார்பாளையம் கந்தசாமி வீட்டுக்கு ரிஷிவந்தியத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், பார்த்து முடித்த பிறகும் போகவில்லை. போக வழியில்லை. இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியிருந்தது. புளியமரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்துவிட்டார்கள்.

இது நிற்கும் என்று நினைக்கிறேன்.

3

வந்தவர்கள் இரண்டே பேர். மாப்பிள்ளை கண்ணாயிரம், அவருடைய அம்மா அம்சவள்ளி. கண்ணாயிரத்துக்கு ஒரு ஜவ்வரிசி ஆலையில் வேலை. கல்வராயன் மலையில் விளையும் மரவள்ளிக் கிழங்கை அடிவாரத்தில், கச்சிராயபாளையம் குடோனில், கொள்முதல் செய்து லாரி ஏற்றி அனுப்புவார். ஒரு மொபெட் வைத்திருந்தார்.

கந்தசாமியின் மகள் செல்வி பெங்களூரிலிருந்து இதற்காகவே வரவழைக்கப்பட்டிருந்தார். காபி கொடுத்தார். அம்சவள்ளி கேட்டார்:

"இன்னா வேல கண்ணு பாக்கற?"

"சிலிக்கான்னு தட்டு இருக்குதுங்க. அதும்மேல கண்ணாடி மாதிரி ஒரு தோலு வளக்கறோம். கரண்டு கசியாம இருக்க."

"வளக்கறதா? ஆடு மாடு மாதிரியா?"

"ஆமாங்க. தீனி ஆக்சிஜன்."

அம்சவள்ளி மகனைத் திரும்பிப் பார்த்தார். மகன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பெண் பார்க்கும் இடத்தில் அப்படிச் சிரிப்பது வழக்கமில்லை.

(இங்கே ஓர் அடிக்குறிப்பு அவசியம். சில்லுக்குள் கரண்டு போகவேண்டிய வழியில் மட்டும்தான் போகவேண்டும். அதற்குத்தான் காப்பு அடுக்கு. அதை யாரும் மேலே பூசுவதில்லை. சிலிக்கான் தட்டை அடுப்பில் வைத்துப் பழுக்கச் சூடாக்கி ஆக்சிஜனை விட்டால், தட்டின் மேல் தானாகவே ஒரு கண்ணாடிப் படலம் வளர்கிறது. செல்வியின் காலத்தில் அதன் கனம் தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சரியாக வளர்ந்தால் தட்டு முழுக்க ஒரே பழுப்பு நிறம். ஆனால் அதற்குள் துளி சோடியம், அதாவது நம் வியர்வையில் இருக்கிற உப்பின் ஒரு கூறு, புகுந்துவிட்டால் போதும். நிறம் மாறாது. அடுக்கு கெட்டுவிடும்.)

4

பெங்களூரில் அடுக்குகள் கெட்டுக்கொண்டிருந்தன. மேலாளர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். தட்டுகளை அடுப்பில் வைக்கும் பெண்கள் கையுறையை ஒழுங்காகப் போடுவதில்லை, அவர்கள் கை வியர்வைதான் காரணம், ஆட்களை மாற்றுங்கள். அந்தப் பெண்களில் ஒருத்தி கோகிலவாணி. தியாகதுருகம் பக்கத்துக் காலனிக்காரி. கூலி வேலை செய்கிற வீட்டிலிருந்து பத்தாம் வகுப்பு முடித்து, தேர்வெழுதி, அந்த வேலைக்குப் போயிருந்தாள்.

செல்வி அதை நம்பவில்லை. அடுப்பின் உள்குழாயைச் சுற்றி ஒரு பழைய பீங்கான் உறை இருந்தது. அந்தச் சூட்டில் சோடியம் அதிலிருந்து குழாய்க்குள் ஊடுருவி வருகிறது என்பது அவருடைய கணிப்பு. காலிக் குழாயில் குளோரின் கலந்த ஆக்சிஜனை நெடுநேரம் ஓட்டினால் அது சோடியத்தைப் பிடித்து வெளியேற்றிவிடும். அதன் பிறகு அதே பெண்கள் அதே கைகளால் தட்டுகளை வைக்கட்டும். அடுக்கு நன்றாக வந்தால் அந்தக் கைகளின் மேல் தப்பில்லை.

சண்டை போட்டு ஒரு சோதனைக்கு அனுமதி வாங்கியிருந்தார். திங்கட்கிழமை. அதன் பிறகு அடுப்பை வேறு பிரிவுக்குக் கொடுத்துவிடுவார்கள், பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

மறுநாள் காலையில் கிணற்றடியில் வைத்துக் கண்ணாயிரத்திடம் சொல்லிவிட்டார்.

"எனக்கு இப்ப கல்யாணம் வேணாங்க. உங்க மேல கொற இல்ல. திங்கக்கெழம நான் பெங்களூர்ல இருக்கணும்."

"ஆவட்டுங்க. எனக்கும் வூட்டுக்குப் போவணும். போவ வுட மாட்றாங்களே."

(எனக்குக் கண்ணாயிரத்தின் மேல் சந்தேகம். வேண்டாம் என்று சொன்ன பெண்ணிடம் ஒருவர் இவ்வளவு இதமாக இருப்பாரா? நல்லவர்களை எழுதினால் வாசகர் நம்புவதில்லை. அவரிடம் ஒரு குறை சொல்லும்படி செல்வியைக் கேட்டேன். "கொறட்ட. அப்பறம், எதுக்கும் மொதல்ல ஆவட்டும்னுடுவாரு, பொறவுதான் யோசிப்பாரு." கண்ணாயிரத்தையே கேட்டேன். "நல்லவனெல்லாம் இல்லீங்க. இவங்க மொகத்த இன்னும் ரெண்டு நாளு பாக்கலாம்னு இருந்தது" என்றார். இப்போது நம்புகிறேன்.)

5

நைனார்பாளையத்துப் பக்கம் மரம் சாய்த்தவர்களில் முன்னால் நின்றவர் செல்வியின் அண்ணன் இளவரசன். மதிப்பெண் இருந்தும் கல்லூரியில் இடம் கிடைக்காமல் அப்பாவோடு கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர். செல்வி அவரிடம்தான் போய்க் கேட்டார்.

"எனக்கு மட்டும் வழி வுடுண்ணா."

"நாங்க ரோட்டுல நிக்கறதே உன்ன மாதிரி இன்னும் நாலு பேரு படிக்கட்டும்னுதான், செல்வி. உனக்கு வழி வுட்டுட்டு நாளைக்கு வேற ஒருத்தன எப்பிடி நிறுத்துவேன்?"

"எங்கூட வேல செய்யற பொண்ணுங்களுக்கு வேல போயிடும்."

"எனக்கு வரவே இல்ல" என்றார் இளவரசன். கோபமாகச் சொல்லவில்லை. செல்விக்குத் தெரியும், அண்ணன் சொன்னதும் உண்மைதான்.

வழி விட்டிருந்தாலும் பயனில்லை. அதைத் தாண்டினால் அடுத்த ஊர் மரம், அதற்கடுத்த ஊர் மரம். பெங்களூர் வரைக்கும் அப்படித்தான்.

6

என் முதல் வரைவில் இந்த இடத்தில் இருவரையும் கல்வராயன் மலையேற வைத்திருந்தேன். மலையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கி, பஸ் பிடித்துப் பெங்களூர். வழியில் மூங்கில் காடு, தூறல், ஒரு வழுக்குப் பாறை, அவர் கை நீட்ட, இவர்...

இருவரிடமும் படித்துக் காட்டினேன். செல்வி தலையில் அடித்துக்கொண்டார். "அந்தப் பக்கமும் மறியல்தாங்க. எறங்கி எங்க போறது?" கண்ணாயிரம் மட்டும், "பரவால்ல, அது இருக்கட்டுங்க" என்றார்.

நடந்தது இதுதான். கண்ணாயிரம் யோசித்துச் சொன்னார்: "நீங்க போவ முடியாது. பேச்சு போவும். எங்க குடோன்ல போன் இருக்குது. அந்தப் பக்கம் போன் கம்பம் ஒண்ணும் சாயல."

சனிக்கிழமை. மொபெட்டில், ஏரிக்கரையிலும் வயல் வழியிலும் சுற்றி, மலை அடிவாரத்துக்குப் போனார்கள். பெங்களூர்த் தொழிற்சாலைக்கு டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு மத்தியானம் வரை காத்திருந்தார்கள். லைன் கிடைத்தது.

"கோகிலா? செல்வி பேசறேன். நல்லா கேட்டுக்க. திங்கக்கெழம நான் வர முடியாது, நீதான் செய்யணும். தட்டு வெக்கறதுக்கு மின்ன காலி ட்யூபுல குளோரின் ஓட்டணும். நீராவி துளி இருக்கக் கூடாது. பொறவு நீங்களேதான் தட்ட வெக்கணும். ஆள மாத்த வுடாத."

"செரி மேடம்." அடுத்து அவளே கேட்டாள்: "மேடம், எங்கம்மா எப்பிடிக் கீது?"

செல்வி ரிசீவரை மறு காதுக்கு மாற்றினார்.

"மறியல்ல காலனிக் குடிசங்க எரியுதுன்னு இங்க பேப்பர்ல போட்டுக்கீறான் மேடம். எங்கூருப் பக்கம் இன்னா ஆச்சின்னு ஒருத்தருக்கும் தெரியல. நான் இன்னிக்கே பொறப்பட்டு வரன்."

"வராத கோகிலா. வழியெல்லாம்" என்று செல்வி ஆரம்பித்தார். மூன்று நிமிடம் ஆகிவிட்டது என்று நடுவில் ஆபரேட்டர் குரல் வந்தது. "உங்கம்மாவ நான் போயிப் பாத்துச் சொல்றேன். நீ அங்கியே இரு. திங்கக்கெழம காலையில பேசறேன்." அதைச் சொல்லும்போது லைன் இருந்ததா, போய்விட்டதா என்று அவருக்குத் தெரியவில்லை.

ரிசீவரை வைத்தார். கண்ணாயிரம் கேட்டார்:

"அந்தம்மா பேரு இன்னாங்க?"

செல்விக்குத் தெரியாது. கோகிலா வைத்த தட்டுகளின் ஒவ்வொரு ஓரமும் தெரியும். அவள் அம்மாவின் பெயர் தெரியாது. தியாகதுருகத்துக் காலனிக்கு அவர் போனதே இல்லை.

7

(எச்சரிக்கை. இந்த இடத்தில் நான் ஒரு பத்தி எழுதியிருந்தேன். சாதி என்பதும் ஒரு காப்பு அடுக்குதான், மனிதருக்கும் மனிதருக்கும் நடுவே, இப்படிப் போகும். எழுதியபோது பெருமையாக இருந்தது. செல்வி பேனாவை வாங்கி நேராக அடித்துவிட்டார். "காப்பு அடுக்கு நல்லதுங்க. அது இல்லாட்டி சிப்பே இல்ல. அத ஒழுங்கா வளக்கத்தான் நாங்க அத்தன பாடுபட்டோம். அதப் போயி இதோட சேக்காதீங்க." அடித்தது அடித்ததாகவே இருக்கட்டும்.)

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் செல்வி அண்ணனிடம் போனார். "ரோட்ட தொறக்கச் சொல்லல. எங்கூட வா. நீ இருந்தா எந்த மரத்தாண்டையும் நிறுத்த மாட்டாங்க." விஷயத்தைக் கேட்ட இளவரசன் சைக்கிளை எடுத்தார். கண்ணாயிரமும் செல்வியும் மொபெட்டில் பின்னால் போனார்கள்.

காலனியில் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. எதுவும் எரிந்திருக்கவில்லை. நடக்க முடியாத ஒரு பெரியவர் மட்டும் வாசலில் உட்கார்ந்திருந்தார். எல்லாரும் பயந்துபோய்த் தியாகதுருகம் கோட்டை மலைமேல் இருப்பதாகக் கை காட்டினார்.

ஏறினார்கள். மேலே இடிந்த சுவர்களை ஒட்டிச் சட்டி, பானை, பாய், ஆடுகள். இளவரசனின் தோளில் மறியல்காரர்கள் போட்டுக்கொள்ளும் துண்டு கிடந்தது. கழற்ற மறந்துவிட்டார். அதைப் பார்த்ததும் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒருவர் கையில் கழி இருந்தது.

செல்வி முன்னால் போய், "கோகிலவாணியோட அம்மா யாருங்க? நான் அவகூட வேல செய்யறவ" என்றார்.

ஒல்லியாக ஒரு பெண்மணி, பாறையிலிருந்து எழாமலே கேட்டார். "எம்பொண்ணுக்கு இன்னா?"

"அவளுக்கு ஒண்ணுமில்லம்மா. உங்களுக்கு இன்னாவோன்னு அவதான் அழுதுகினு கீறா."

அவர்தான் சாலம்மாள். மகளுக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அவருடைய பார்வை இளவரசன் பக்கம் போனது.

"மரத்த வெட்டுனது நீங்கதான?"

"ரோட்டுலதான் வெட்டுனோம். உங்க தெருப் பக்கம் நாங்க வரவே இல்ல."

"தீப்பந்தத்தோட தெருமொன வரைக்கும் வந்து கத்திட்டுப் போனாங்களே, அது?"

"அது நாங்க இல்ல."

"எனக்கு எப்பிடித் தெரியும்? தூரத்துலேந்து பாத்தா எல்லாத் தீயும் ஒண்ணாத்தான் தெரியுது."

இளவரசன் துண்டை எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு எங்கே வைப்பது என்று தெரியாதவரைப் போல அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த நேரத்தில் கண்ணாயிரம், கீழே சுனையிலிருந்து யாரோ தூக்கமாட்டாமல் தூக்கி வந்த குடத்தை வாங்கிக்கொண்டு மூச்சிரைக்க மேலே வந்தார்.

"நீ யாருப்பா?" என்றார் சாலம்மாள்.

"பொண்ணு பாக்க வந்தவன்ங்க."

"இங்கியா? பொண்ணு எங்க?"

"இதோ, இவங்கதான். இன்னும் செரின்னு சொல்லல."

சாலம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். கழி வைத்திருந்தவர் அதைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

திங்கட்கிழமை காலையில் போனில் மகளிடம் பேச வேண்டும், இல்லாவிட்டால் அவள் வேலையை விட்டுக் கிளம்பிவிடுவாள் என்று செல்வி விளக்கினார். சாலம்மாள் அசையவில்லை. கடைசியில் இளவரசன் முன்னால் வந்து அவரை இறங்கி வரச் சொன்னார். அதற்குப் பிறகுதான் சாலம்மாள் எழுந்தார். ஆட்டைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒப்படைத்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

8

எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது. இதில் ஒரு சொல்லையும் நான் சேர்க்கவில்லை.

மொபெட்டைச் செல்வி ஓட்டினார், பின்னால் சாலம்மாள். கண்ணாயிரம் இளவரசனின் சைக்கிள் கேரியரில். மாப்பிள்ளையை வைத்து மைத்துனர் மிதித்துக்கொண்டு போகிறார். மேட்டில் மட்டும் கண்ணாயிரம் இறங்கித் தள்ளினார். ஓரிடத்தில் வயல் வழி முடிந்து ரோட்டில் ஏறவேண்டி வந்தது. குறுக்கே மரம். அங்கே இருந்தவர்கள் இளவரசனுக்குத் தெரிந்தவர்கள்.

"வண்டியத் தூக்கி அந்தாண்ட வைங்கடா."

"பின்னாடி யாருண்ணா?"

"யாரா இருந்தா இன்னா? தூக்கு."

தூக்கினார்கள். சாலம்மாள் சேலையைக் கணுக்காலுக்கு மேல் பிடித்துக்கொண்டு, வெட்டிச் சாய்த்த அந்த மரத்தின் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கினார்.

அன்றிரவு கச்சிராயபாளையத்தில், ஒரு அம்மாவும் அவர் மகனும் நடத்தும் டீக்கடையின் உள்ளறையில் பெண்கள் தங்கினார்கள். விடிந்ததும் குடோன். சாலம்மாள் ரிசீவரைத் தலைகீழாகப் பிடித்தார். கண்ணாயிரம் திருப்பிக் கொடுத்தார்.

"சோறு துன்னியா?"

"அம்மா! நீ எங்கேந்து பேசற?"

"எனக்கு இன்னா தெரியும்? கெழங்கு மூட்ட மேல உக்காந்துகினு கீறன். நல்லாத்தான் கீறன். நீ பொறப்படாத. ரோடெல்லாம் மரமாக் கெடக்குது. இந்தப் பொண்ணு இன்னாவோ அடுப்பு அடுப்புங்குது, அத மொதல்ல பாரு."

அழுகையும் சிரிப்புமாக ஏதோ கேட்டது. பிறகு செல்வி ரிசீவரை வாங்கிக் குளோரின் என்று ஆரம்பித்தார்.

"எல்லாம் ஞாபகம் கீதுக்கா" என்றாள் கோகிலவாணி.

அதுவரை அவள் மேடம் என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

9

சோதனையைக் கோகிலவாணிதான் நடத்தினாள். காலிக் குழாயில் குளோரினை ஓட்டி, அதே பெண்கள், அதே கைகள். தட்டுகள் ஒரே பழுப்பாக வெளியே வந்தன. சூடேற்றி, மின்னழுத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். அடுக்கு அசையவில்லை. பெண்களை யாரும் மாற்றவில்லை. பீங்கான் உறையை மாற்றினார்கள். அறிக்கையில் மேலாளர் பெயர் முதலில் இருந்தது, கோகிலவாணி பெயர் இல்லை. செல்வி திரும்பிப் போய்ச் சண்டை போட்டு ஒரு வரியில் சேர்க்கவைத்தார். கோகிலவாணி பிற்பாடு அதே பிரிவில் சூப்பர்வைசர் ஆனார்.

கல்யாணம் அடுத்த தையில். செல்வி எப்போது சம்மதம் சொன்னார் என்பதில் இருவருக்கும் ஒத்துப்போவதில்லை. மரத்தைத் தாண்டியபோது கண்ணாலேயே சொல்லிவிட்டதாகக் கண்ணாயிரம் சொல்கிறார். "கண்ணுல தூசி" என்கிறார் செல்வி. பல வருடம் அவர் பெங்களூரிலும் இவர் மலையடிவாரத்திலும், வாரக்கடைசியில் மட்டும் குடும்பம்.

இளவரசனை அந்த வாரக் கடைசியில் கைது செய்து சிறையில் வைத்தார்கள். வெளியே வந்து கரும்பு வெட்டினார். இரண்டு வருடம் கழித்து ஒதுக்கீடு வந்தபோது அவருக்கு வயது தாண்டியிருந்தது. மற்ற பிள்ளைகள் போனார்கள். சில ஆண்டுகளுக்கு முன் காலமானார்.

10

இங்கே முடித்துவிட்டேன் என்று நினைத்து இருவரிடமும் முழுதாகப் படித்துக் காட்டினேன். கோட்டை மலைக் காட்சியில், "இளவரசன் முன்னால் வந்து அவரை இறங்கி வரச் சொன்னார்" என்ற வரிக்குப் பதில் அவருடைய பேச்சையே போடலாமே என்று செல்வி சொன்னார். சரி, என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"எறங்கி வாங்க, நான் மின்னாடி போறேன்னு சொன்னான்" என்றார் செல்வி.

"வாங்கன்னா சொன்னாரு? எறங்கி வா, நான் மின்னாடி போறேன்" என்றார் கண்ணாயிரம்.

"வாங்க."

"வா. நான் குடத்தோட பக்கத்துலதான நின்னுகினு இருந்தேன்."

அந்தக் காலத்தில், ஊர்த் தெருவிலிருந்து வந்த ஒருவர், காலனியில் இருந்த ஒரு பெண்மணியை, அவர் வயதில் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும், வாங்க என்று கூப்பிட்டதில்லை. இந்த ஊர்க்காரர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே இரண்டெழுத்துதானே என்று விட்டுவிட என்னால் முடியவில்லை. டீ ஆறிப்போகும் வரை இருவரும் சண்டை போட்டார்கள். செல்விக்குத் தன் அண்ணன் வாங்க என்றே சொல்லியிருக்க வேண்டும். கண்ணாயிரத்துக்கு, "அவரு அப்பிடிச் சொல்லாமியேகூட நல்லவருதாங்க. நாள் பூரா என்ன வெச்சி மிதிச்சிக்கினு போனாரே."

சாலம்மாள் இப்போது இல்லை. பெங்களூருக்குப் போன் போட்டுக் கோகிலவாணியைக் கேட்டேன். அவர் சிரித்தார்.

"எங்கம்மா இந்தக் கதைய நூறு தபா சொல்லியிருக்குதுங்க. அவரு மேல கோவமா இருந்தா, எறங்கி வான்னு சொன்னான்னும். நல்லா இருக்கற அன்னிக்கு, எறங்கி வாங்கன்னு சொன்னாருன்னும். ரெண்டையும் நான் நம்பிட்டேன்."

இவர்கள் மூவருக்கும் நடுவே நான் தீர்ப்புச் சொல்வதாக இல்லை. இட்டுக்கட்டிப் பழகிய கைதான், ஆனாலும் இந்த ஒரு சொல்லை மட்டும் என்னால் இட்டுக்கட்ட முடியவில்லை. அந்த வரியை இப்படி விட்டுவைக்கிறேன்:

"எறங்கி வா......, நான் மின்னாடி போறேன்."

அந்தப் புள்ளிகள் இருக்கும் இடம் உங்களுடையது. நிரப்பலாம், அப்படியே விட்டும் போகலாம். மனசுக்குள் படிக்க வேண்டாம், வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எதிரே பாறைமேல் சாலம்மாள் உட்கார்ந்திருக்கிறார். இன்னும் எழவில்லை.